குஞ்சத்தை எண்ணி அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரங்கூன் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குக் கோயில்களில் திருவிழா அழைப்பிதழ் என்றால் முகப்பில் ஆயர் (பிஷப்) இலச்சினை வந்துவிடுகிறது. அதை வெறும் அலங்காரமாக எண்ணி, கைக்குக் கிடைத்த படத்தைப் போட்டுவிடுவது மனத்துக்கு வருத்தமாக இருக்கிறது.

இலச்சினையின் நடுவில் உள்ள கேடயத்துக்கு மேலே வரும் அகன்ற தொப்பியும் இருபுறமும் தொங்கும் குஞ்சங்களும்தான் பதவியைச் சொல்பவை. ஆயருக்குப் பச்சைத் தொப்பி. பக்கத்துக்கு 1, 2, 3 என மூன்று வரிசையில் 6 குஞ்சம். பேராயருக்கும் பச்சைதான், ஆனால் கீழே 4 குஞ்சம் கொண்ட வரிசை ஒன்று கூடி, பக்கத்துக்கு 10. கர்தினாலுக்குச் சிவப்பு; ஐந்து வரிசை, பக்கத்துக்கு 15. ஆக, மோல்மீன் ஆயர் வந்தால் 6, மாண்டலே பேராயர் வந்தால் 10. 2015-இல் நம் நாட்டின் முதல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட சார்ல்ஸ் மாங் போ அவர்களுக்கு 15. இடம் போதவில்லை என்று அடி வரிசையை வெட்டினால் பேராயர் ஆயராகிவிடுகிறார்! கறுப்பு வெள்ளை அச்சிலோ சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அங்கே பதவியைக் காட்ட எண்ணிக்கையை விட்டால் வேறு துணை குறைவு.

வண்ணமில்லா அச்சுக்கென்றே 17-ஆம் நூற்றாண்டு முதல் ஒரு கோட்டுமுறை வழக்கில் இருக்கிறது. சிவப்புக்குச் செங்குத்துக் கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு, பச்சைக்கு இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சாயும் கோடு, பொன்னுக்குப் புள்ளிகள். வெள்ளியை வெறுமையாக விடுவார்கள்.

கேடயத்தின் பின்னால் நிற்கும் சிலுவையில் ஆயருக்கு ஒரு குறுக்குக் கட்டை, பேராயருக்கு இரண்டு. ஆயர் தலையில் அணியும் மகுடத்தையும் கையில் ஏந்தும் செங்கோலையும் இலச்சினையில் சேர்ப்பதை 1969-இலேயே வத்திக்கான் நிறுத்திவிட்டது. பழைய படத்தைப் பார்த்து வரைபவர்கள் இன்னும் சேர்க்கிறார்கள்.

பதவியை வெளிப்பகுதி சொல்கிறது. அந்த மனிதரின் பக்தியைச் சொல்வது கேடயத்தின் உட்பகுதி. 2017 நவம்பரில் ரங்கூன் வந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் கேடயத்தைப் பாருங்கள். நீலப் பின்னணியில் மேலே இயேசு சபையின் சின்னமான கதிரவன், கீழே நமக்கு இடப்புறம் மரியாவைக் குறிக்கும் விண்மீன், வலப்புறம் யோசேப்பைக் குறிக்கும் நறுந்தைலப் பூங்கொத்து. அந்தப் பூங்கொத்தைத் திராட்சைக் குலை என்று சொன்னவர்கள் உண்டு. 2013-இல் முதலில் வெளியான வரைபடத்தில் விண்மீனுக்கு 5 முனை. பிறகு 8 முனையாகத் திருத்தினார்கள். வத்திக்கானே ஒரு விண்மீனின் முனையை எண்ணித் திருத்தியிருக்கும்போது, நாம் குஞ்சத்தை எண்ணாமல் விடலாமா?

வலமும் இடமும் மாறக் கூடாது. கேடயத்தில் வலம் என்பது அதை ஏந்தி நிற்பவரின் வலம். பார்க்கிற நமக்கு அது இடப்புறம். அதுவே மதிப்பு மிகுந்த பக்கம். பக்க அழகுக்காகப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பினால் மரியாவின் இடத்துக்கு யோசேப்பு போய்விடுவார்.

விருதுவாக்கு இலத்தீனில் இருந்தால் அதை அப்படியே வைத்து, அடியில் தமிழில் பொருளைச் சிறிய எழுத்தில் போடலாம். அச்சகத்துக்குப் போகும் முன், மறைமாவட்ட அலுவலகத்தில் மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அச்சுப்படி வந்ததும் இருபுறக் குஞ்சங்களையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

பங்கு அச்சுப் பணியில் உதவும் வாசகர்கள்,
ரங்கூன்