எக்ஸிட்டர்காரர்களுக்கு, அம்மாவும் நானும்

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரை தானே நடந்து வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ரசம் கேட்டார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது. டிசம்பர் 27 காலையில் மூடுபனியில் நடந்த விபத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மூடுபனிக்குள் மறுபடி போய்வர எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பிறகு யார் யார் வந்து நின்றார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஊர் சுற்றிப் பார்க்க வந்தவரை எதற்காக எக்ஸிட்டருக்குக் கூட்டிப்போனாய் என்று சிலர் கேட்டீர்கள். அப்பா கேட்டார், அதனால் போனோம். புளியங்குடியில் நாற்பது வருடம் எலுமிச்சை வைத்தவர் அவர். கோல்டன் கேட் பாலத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு “நல்லா இருக்கும்மா” என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டார். கடையில் நேவல் ஆரஞ்சைக் கையில் எடுத்தவர்தான் கீழே வைக்கவே இல்லை. “இது எந்த ஊருல வெளையுது?” என்றார். நான் இருக்கும் ஃப்ரீமாண்டிலிருந்து காரில் நாலு மணி நேரத்தில், கலிஃபோர்னியாவின் டுலாரி கவுண்டி. சியரா மலை அடிவாரத்தில், செக்கோயா காட்டுக்குப் போகிற வழியில் எக்ஸிட்டர். பத்தாயிரம் பேர் இருக்கும் ஊர். கடைத்தெருச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள். தெரு முடிந்த இடத்தில் ஆரஞ்சுத் தோப்பு தொடங்கி, கண் போகிற தூரம் வரை போகிறது.

முதல் நாள் இரவு அப்பா தூங்கவே இல்லை. ஹெலிகாப்டர் இறங்குவது போல ஒரு சத்தம், விடிய விடிய. அதிகாலை நாலு மணிக்கு என்னை எழுப்பி வெளியே கூட்டிப்போனார். தோப்புக்கு நடுவே உயரமான கம்பங்களில் விமான விசிறி மாதிரி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. தெளிந்த வானமும் கடுங்குளிருமாக இருக்கும் இரவில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிடுமாம். மேலே கொஞ்சம் சூடான காற்று நிற்கும். அதை இந்த விசிறி கீழே இழுத்துவிடும். சுழியத்துக்குக் கீழே இரண்டு டிகிரியில் சில மணி நேரம் நின்றால் போதும், பழம் உள்ளே உறைந்து வீணாகிவிடும். 1990 டிசம்பரில் அப்படித்தான் அந்தப் பக்கத்து விளைச்சலே போனது, பறிக்கிறவர்களுக்கு வேலையும் போனது என்று ஓட்டல்காரர் சொன்னார். அப்பா குளிரில் நடுங்கிக்கொண்டே ஒரு மரத்தடியில் குனிந்து, ஒட்டுக் கட்டிய இடத்தை டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலை நினைத்து மூன்று வாரமாக வருந்திக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்த முகம்தான் கண்ணில் நிற்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

விபத்து நடந்த காலையில் தோப்போரம் ஏழெட்டுக் கார்கள் நின்றிருந்தன. பழம் பறிக்கிறவர்கள். தோலில் ஈரம் இருக்கும்போது பறித்தால் தோலின் எண்ணெய் கசிந்து கறை விழும் என்பதால், பனி விலகிப் பழம் காய்கிற வரை காருக்குள்ளேயே காத்திருப்பார்களாம். அந்த நேரத்தில் முதலில் ஓடி வந்தவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஒரு பெண்மணி, ஐம்பத்தைந்து வயது இருக்கும், தன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி அம்மாவுக்குப் போர்த்தி, ஆம்புலன்ஸ் போகிற வரை அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றார். பெயரை வெளியே எழுத வேண்டாம் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அம்மா அவரைத் தாயி என்றுதான் கூப்பிடுகிறாள். அவர் அம்மாவை சென்யோரா என்கிறார். நானும் தாயி என்றே எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம், அப்பாவைச் சேர்த்திருந்த பக்கத்து நகரமான விசாலியாவின் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துக்கு அவர் வந்தார். ஜாக்கெட்டை வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான். ரொட்டி, சூப், பழம் என்று நான் எதைக் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று ஒதுக்கினாள். என்ன வேண்டும் என்று அவர் கையை விரித்துக் கேட்டபோது, எனக்குச் சொல்லாததை அம்மா அவரிடம் தமிழிலேயே சொன்னாள்: “ஒண்ணும் எறங்க மாட்டேங்கு தாயி. கொஞ்சம் அரிசி போட்டுக் கொழையக் காய்ச்சுன கஞ்சி இருந்தாக் குடிப்பேன்.”

நான் ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் “ஆர்ரோஸ்?” என்றார். அரிசி என்ற சொல் அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. ஸ்பானிஷில் அரிசிக்கு அதுதான் சொல். அம்மாவும் “ஆமா, அரிசி” என்றாள். அவர் எழுந்து போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, அந்த இருட்டிலும் மூடுபனியிலும் மறுபடி காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு நீல எனாமல் பானை, வெளியே வெள்ளைப் புள்ளிகள், ஒரு காதில் எனாமல் பெயர்ந்து கறுத்திருந்தது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கட்டை அவிழ்த்தார். உள்ளே மசிந்த சோறும் தண்ணீருமாகக் கஞ்சி. மேலே உப்பைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். கறி, கோழி எதுவும் சேர்க்கவில்லை என்று கையால் சொல்லிக் காட்டினார். அம்மா சைவம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவராகவே யோசித்திருக்கிறார். கூடவே வீட்டு மரத்து எலுமிச்சம் பழம் இரண்டு.

அம்மா முதலில் கஞ்சியைத் தொடவில்லை. பழத்தை எடுத்தாள். கட்டைவிரல் நகத்தால் தோலைக் கொஞ்சம் கீறி மூக்கருகே கொண்டுபோனாள். வீட்டில் மண்டிக்குப் போகிற மூட்டையைப் பார்க்கும்போது எப்போதும் அப்படிச் செய்வாள். காலையிலிருந்து அழாமல் கல் மாதிரி இருந்தவள் அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு அழுதாள். தாயி அவளை அடக்கவில்லை, முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அழுது முடித்ததும் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு மூடி குடித்தாள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள், அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியே வருகிற வரை, வேலை முடிந்து தினமும் வந்தார். ஏணியும் கத்தரியும் தோளில் பழப்பையுமாக நாள் முழுக்க நின்ற உடம்பு. வந்து கஞ்சியைக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் அவரவர் மொழியில் பேசிக்கொள்வார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், “பிள்ளைங்களப் பத்தித்தான்” என்பாள் அம்மா.

பத்தாவது நாள் பானையைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனோம். வெறும் பானையை எப்படிக் கொடுப்பது? ஓட்டல் நடத்தும் குஜராத்தித் தம்பதி தங்கள் சமையலறையையே அம்மாவிடம் விட்டார்கள். தாயி கொடுத்திருந்த பழங்களைப் பிழிந்து எலுமிச்சைச் சாதம் கிளறிப் பானை நிறைய எடுத்துப் போனோம். எக்ஸிட்டருக்கு வெளியே, தோப்புகளுக்கு நடுவில், இரண்டே தெரு உள்ள குடியிருப்பு. திண்ணை மாதிரி இருந்த முன்பக்கத்தில் ஐந்து காலன் தண்ணீர்க் குடுவைகள் வரிசையாக இருந்தன. அம்மா கைகழுவப் போன இடத்தில் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வாயருகே கொண்டுபோனாள். அவர் மகள், கல்லூரியில் படிக்கிற பெண், ஓடி வந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாதாம். சுற்றிலும் பல காலமாகப் போட்ட உரமும் பால்பண்ணைகளின் சாணக் கழிவும் இறங்கி, கிணற்று நீரில் நைட்ரேட் ஏறியிருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடம்பே நீலம் பாரித்துவிடும் என்றாள். காய்ச்சினால் சரியாகிவிடாதா என்றேன். காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், நைட்ரேட் அப்படியே இருந்து இன்னும் செறிவாகும் என்றாள். சுத்தமான தண்ணீர் மனிதனின் உரிமை என்று கலிஃபோர்னியா 2012இல் சட்டமே போட்டது. 2019இல் இதற்கென்று ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை ஒதுக்கவும் முடிவு செய்தது. அதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் அவர்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் இன்னும் குடுவைத் தண்ணீர்தான். காசு கொடுத்து நிரப்பி, காரில் ஏற்றி வந்து, தூக்கி இறக்கி வைக்கிற தண்ணீர்.

அம்மா குடுவைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. கஞ்சி என்பது முக்கால்வாசி தண்ணீர்தானே. ஒன்பது நாள் கஞ்சியும் அந்தக் குடுவைகளிலிருந்து வந்தது. நாங்களோ மூன்றாம் நாள் மிச்சம் விழுந்ததை மருத்துவமனைத் தொட்டியில் கொட்டியிருக்கிறோம். காரில் திரும்பும்போது அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: “ஏட்டி, நாம கேன் தண்ணிக்குக் காத்துக் கெடந்த கோடையில, வீட்டுக்கு வந்தவுகளுக்கு நான் இப்பிடிக் காய்ச்சிக் கொடுத்திருப்பேனா?” என்னிடம் பதில் இல்லை.

பணம் கொடுக்க முயன்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்துக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அதைக் கொடுக்க நினைத்தது என் தப்பு.

இன்னும் எத்தனையோ பேர். அன்று தோப்பில் நின்ற மற்ற எல்லோரும், அவர்களில் காலால் மண்ணைத் தோண்டி அப்பாவின் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்த அந்தப் பையனும். ஆம்புலன்ஸ்காரர்கள், நெடுஞ்சாலைக் காவலர்கள். ராத்திரி ஷிஃப்டில் அப்பாவை “தாத்தா” என்று கூப்பிடக் கற்றுக்கொண்ட பிலிப்பைன்ஸ் நர்ஸ். காணொளியில் எங்கிருந்தோ வந்து, டாக்டர் சொன்னதை அம்மாவுக்கு நிதானமாகத் தமிழில் சொன்ன மொழிபெயர்ப்பாளர். அறை வாடகையில் பாதியை வாங்க மறுத்த ஓட்டல் தம்பதி. ஃப்ரெஸ்னோவிலிருந்து இட்லியோடு வந்த குடும்பங்கள். இங்கே என் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, கூட்டி வந்து, தூங்க வைத்த அக்கம்பக்கத்தவர்கள். விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத அலுவலகத் தோழர்கள். உங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக எழுதத்தான் ஆசை. இப்போதைக்கு இந்த ஒரு மடலிலேயே உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒரு வேண்டுகோள். அப்பாவுக்காக நீங்கள் திரட்டிய பணத்தில் காப்பீடு போக வேண்டியதற்கெல்லாம் கொடுத்த பிறகும் மீதம் இருக்கிறது. அதை விசாலியாவில் இருக்கும் கம்யூனிட்டி வாட்டர் சென்டருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த மாதிரிக் குடியிருப்புகளின் தண்ணீருக்காக அந்த மக்களோடு சேர்ந்து பல வருடமாக வேலை செய்கிறவர்கள். தாயியின் மகள்தான் அவர்களைப் பற்றிச் சொன்னாள். உங்களில் யாருக்காவது மனம் ஒப்பவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், உங்கள் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். என் பங்குக்கு, ஒவ்வொரு மாதமும் ஒரு தொகையை அவர்களுக்கு அனுப்பப் போகிறேன், அந்த இரண்டு தெருவுக்கும் நல்ல தண்ணீர் வருகிற வரை. அம்மா அவள் வழியில் சங்கரன்கோவில் கோமதி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறாள். ஒன்று அப்பா பெயரில், ஒன்று தாயி பெயரில்.

நாங்கள் கிளம்பும்போது தாயி பானையை எங்களிடமே திரும்பக் கொடுத்துவிட்டார், நிறைய ஆரஞ்சோடு. அப்பா படுக்கையில் சாய்ந்து ஒவ்வொரு பழமாக உருட்டிப் பார்த்தார். ஒன்றை உரித்து, சுளையைப் பிரித்து, “தோல் மெலிசு” என்றார். விபத்துக்குப் பிறகு அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

மார்ச் கடைசியில் தோப்பெல்லாம் பூத்து ஊரே மணக்குமாம். அப்பாவும் அம்மாவும் ஊர் திரும்புவது ஏப்ரலில். அதற்குள் காரில் நாலு மணி நேரம் உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பானை கழுவிக் கவிழ்த்து அடுப்படியில் இருக்கிறது. அதில் என்ன செய்து எடுத்துப் போவது என்று அம்மா இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

நன்றியுடன்,
புளியங்குடி எலுமிச்சைக்காரரின் மகள்
ஃப்ரீமாண்ட்