லீவர் மிஷினுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்து நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம். அந்தப் பழைய லா பவோனி யூரோபிக்கோலா எஸ்பிரெசோ மிஷின் ஒருவழியாகக் காப்பி இறக்க ஆரம்பித்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1961-இல் மிலானில் வந்த மாடல் இது. மோட்டார் கிடையாது, பம்பும் கிடையாது. கைப்பிடியைத் தூக்கினால் பாய்லரின் வெந்நீர் உள்ளே இறங்கும்; அழுத்தினால் பிஸ்டன் அதைக் காப்பித்தூள் வழியாகத் தள்ளும். நெல்லியாம்பதியில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு என் கைக்கு வந்தது.

"முடியாது" என்று சொன்னவர்களுக்குத்தான் முதல் நன்றி. சிலிண்டருக்குள் கீறல் இருந்ததால் கடைந்து தரச் சொல்லி லேத் அண்ணனிடம் கொடுத்தேன். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தவர், "ஏனுங்க, இதுல கடைசல் போட்டா நீங்க வாங்கற பிஸ்டன் ரப்பர் சீல் லூசாயிடுமுங்க" என்று மறுத்துவிட்டார். நைஸ் எமரி பேப்பரால் மட்டும் தேய்த்துக் கொடுத்தார். கூலி கேட்டதற்கு ஒரு டீ வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

குக்கர் ரிப்பேர் பாய் அதைவிடக் கறார். இந்த பாய்லரின் அழுத்தம் 0.8 பார் அளவுக்கு வரும், நம் வீட்டு குக்கர் வெயிட் தூக்குவது கிட்டத்தட்ட 1 பாரில். "அப்ப இதுவும் குக்கர்தானே, சேஃப்டி வால்வைக் கழற்றிப் பார்க்காம கரண்ட் போடாதீங்க" என்றார். கழற்றினால் உள்ளே ஸ்பிரிங்கே தெரியாத அளவுக்கு உப்பு! சிட்ரிக் ஆசிட்டில் ஊறப்போட்டு உயிர் கொடுத்தது அவர்தான். வயரையெல்லாம் மாற்றி எர்த் கொடுத்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் நன்றி.

மிலானில் நர்ஸாக இருக்கும் பக்கத்து வீட்டுச் சேச்சி இல்லையென்றால் சீல் கிடைத்திருக்காது. பழைய மாடலின் வடிகட்டி 49 மில்லிமீட்டர், பிற்பாடு வந்ததில் 51. சீலும் அதற்கேற்ப மாறும். நைட் டியூட்டி முடித்த கையோடு நான் அனுப்பிய போட்டோவைக் காட்டி, சரியானது வரும்வரை கடையில் நின்று வாங்கி வந்தார்.

அப்புறம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் பாய்லரில் மறுபடி உப்பு கட்டும். கோவை மச்சான் வரும்போதெல்லாம் கேனில் சிறுவாணி கொண்டுவருகிறார். அணை இருப்பது எங்கள் பாலக்காடு மாவட்டத்தில். அந்தத் தண்ணீர் கோவைக்குப் போய், செக்போஸ்ட் தாண்டி, எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறது!

சிக்கரி கலக்காமல், ஃபில்டருக்கு அரைப்பதைவிட நைசாக அரைத்துத் தந்த சித்தூர் காப்பிக்கடைக்காரருக்கும் நன்றி.

எல்லாரும் காப்பிக்கு வாருங்கள், ஆனால் மொத்தமாக வந்துவிடாதீர்கள். தொடர்ந்து நாலைந்து கப் இறக்கினால் மிஷினின் தலை, அதாவது காப்பி இறங்கும் பகுதி, சூடேறிக் காப்பி கசந்துவிடும். முதல் கப் லேத் அண்ணனுக்கு.