பிரதம விருந்தினரோடு கிளம்பிவிட்ட செய்தி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வவுனியா நகரில் அண்மையில் நடந்த பண்பாட்டு விழாவுக்கு உங்கள் பத்திரிகை அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தது. நன்றி. போட்ட படங்கள் எல்லாவற்றிலும் பிரதம விருந்தினர் இருக்கிறார்: விளக்கேற்றுகிறார், மாலை வாங்குகிறார், பேசுகிறார், பேசியவரைக் கேட்கிறார். அதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் கடைசிப் பந்தியில், காடும் வயலுமாகக் கிடந்த வன்னியை, அதாவது வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தை, கலை இப்போதுதான் எட்டிப் பார்த்திருக்கிறது என்ற கருத்தில் உங்கள் நிருபர் ஒரு வரி எழுதியிருக்கிறார். தம்பி அதைப் பாராட்டாகத்தான் எழுதியிருப்பார். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

நானும் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். அழைப்பிதழில் நாலு மணி. விருந்தினர் வரும்போது ஐந்தரை. பிறகு வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. நடுவில் பொன்னாடை முடிந்துபோய், ஏற்கெனவே போர்த்திய ஒருவரிடம் மெதுவாகக் கேட்டு வாங்கி அடுத்தவருக்குப் போர்த்தினார்கள். அவ்வளவு நேரமும் மேடைக்குப் பின்னால் கூத்துக்காரர்கள் வேஷம் கட்டியபடி ஒரு வாங்கில் இருந்தார்கள். கோவலனாக வந்த பெடியனுக்கு வியர்வையில் மீசை கரைந்துவிட்டது. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அவனுடைய நாடியைப் பிடித்துக்கொண்டு, தீக்குச்சி நுனியால் மையைத் தொட்டுத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தார். விடியவிடிய ஆடுகிற கோவலன் கூத்துக்கு அன்று கொடுத்தது பதினைந்து நிமிஷம். கண்ணகி சிலம்பைக் கையில் எடுக்கமுன் ‘நேரம் போதாது’ என்று மைக்கை நிற்பாட்டிவிட்டார்கள். அதற்கு முதலே முன்வரிசைக் கதிரைகள் காலி. விருந்தினரின் வாகனத்தோடு உங்கள் நிருபரும் போயிருந்தார். ‘கலை நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன’ என்று நீங்கள் போட்ட அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் உள்ள கதை இதுதான்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் பிறந்தவள். பக்கத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கல் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாக்குத்தெண்டல் சடங்கில் தொடங்கி, சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத்தண்ணியில் விளக்கெரித்து, பிறகு திங்கட்கிழமை வற்றாப்பளையில் அம்மனுக்குப் பொங்கி முடிக்கும்வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம், ஒரு முறை, ஒரு பாட்டு. ‘பல்லாயிரக்கணக்கான பக்தர்கள்’ என்று வருஷா வருஷம் படம் போடுகிறீர்கள். அந்தப் பல்லாயிரம் பேரும் கலை இல்லாத ஊருக்கா வருகிறார்கள்?

என்னுடைய அம்மம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் வயலில் பன்றி காக்கிற பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் மனப்பாடம். அரியாத்தை ஒப்பாரியை அடுப்படியில் இருந்து சொல்லுவா. யானையைப் பிடித்துக் கட்டிய பெண் அரியாத்தை. அவள் செத்த பிறகு புருஷன் வேலப்பணிக்கன் அழுத பாட்டு அது. பெண்சாதிக்காக ஆம்பிளை ஒப்பாரி வைக்கிற பாட்டை வேறெங்கும் நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருந்தால் எழுதுங்கள். அம்மம்மா சொன்ன வரிகளை நான் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். ஒரு கண்காட்சிக்கென்று கேட்டு ஓர் அலுவலகத்தார் வாங்கிக்கொண்டு போனார்கள். கண்காட்சி நடந்தது, படமும் வந்தது. கொப்பி வரவில்லை. கேட்கப் போனபோது பொறுப்பாக இருந்தவர் இடமாற்றத்தில் போய்விட்டார் என்றார்கள். கொப்பியும் இடமாற்றத்தில் போயிருக்கும்.

பெரியப்பாவின் கூத்துக் கொப்பிக்கு வேறு விதி. 2009 இல் யுத்தத்தில் இடம்பெயரும்போது பொலித்தீனில் சுற்றி, தகரப்பெட்டியில் வைத்துப் பங்கருக்குள் புதைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து தோண்டியபோது பெட்டி இருந்தது, உள்ளே கறையான் புற்று. அவர் அழவில்லை. பெட்டியைக் கழுவிக் காயவைத்து, ஞாபகத்தில் இருந்ததைத் திரும்ப எழுதத் தொடங்கினார். பாதியில் கண் தெரியாமல் போய்விட்டது. எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்துக்கு ஒவ்வொரு ஜூனிலும் கண்ணீர்விடுகிறோம், விடத்தான் வேண்டும். அந்த யுத்தத்தின் கடைசியில் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் போகிற வழியில் எத்தனை வீட்டுக் கொப்பிகள் போயின என்று உங்கள் ஞாயிறு மலர் என்றைக்காவது கேட்டிருக்கிறதா?

இன்னொன்று. வன்னியின் பழைய வழிபாட்டிடங்களான வெடுக்குநாறிமலையிலோ குருந்தூர்மலையிலோ பிரச்சினை வந்தால், வன்னி எவ்வளவு தொன்மையான மண் என்று உங்கள் ஆசிரியர் தலையங்கம் முழங்கும். எங்களுக்கும் புல்லரிக்கும். அதே பத்திரிகையின் கலைப்பக்கத்தில் அதே வன்னி வெறும் காடாகிவிடுகிறது. இரண்டு பக்கத்தையும் எழுதுகிறவர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதில்லையா, ஐயா?

அந்தச் செய்தியோடு போட்ட பெட்டிச் செய்தியையும் விடமுடியாது. கற்சிலைமடுவை வவுனியா மாவட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். அது முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டான் பக்கம். 1978 இலேயே அதைத் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள். செய்தி மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. பிறகு, வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31 இல் அங்கே வீரமரணம் அடைந்தான் என்கிறீர்கள். அந்த இடத்தில் வெள்ளைக்காரன் நட்ட கல்லில், கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்று மட்டும்தான் வெட்டியிருந்தது. கொன்றிருந்தால் அதைச் சொல்லாமல் விடுவானா? அதே வருஷம் ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததைப் பற்றி உங்கள் பெட்டியில் ஒரு வரி இல்லை. வென்ற நாளை விட்டுவிட்டுத் தோற்ற நாளில் சாகடித்திருக்கிறீர்கள்.

அவனை விட்டால் வன்னியில் வேறு ஆளே இல்லை என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. யானையைத் திறையாகக் கேட்ட ஒல்லாந்தருக்குத் தண்ணிகாட்டிய பனங்காமத்துக் கயிலை வன்னியன் யார் என்று கேட்டால், வவுனியாக் கச்சேரியடியில் (மாவட்டச் செயலகத்தடியில்) நிற்கிற பண்டாரவன்னியன் சிலைக்கு மாலை போடுகிற எத்தனை பேர் சொல்லுவார்கள்? சரி, அவர்களை விடுங்கள். மாலை போடத் தோள் கிடைத்தால் போதும் அவர்களுக்கு.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விழாவில் கூத்து ஆட்டுவித்த அண்ணாவியாரின் பெயரையும் ஆடிய பிள்ளைகளின் பெயர்களையும் ஒரு வரியில் போடுங்கள். தனித்தாளில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். கற்சிலைமடுத் திருத்தத்தையும் கூடவே போட்டுவிடுங்கள். அடுத்த வைகாசியில் அந்தத் தம்பியை முள்ளியவளைக்கு அனுப்புவதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரவு தங்க எங்கள் வீட்டில் இடமிருக்கிறது, சாப்பாடும் தருவோம். காலையில் முதல் பஸ்ஸுக்கு நானே கூட்டிக்கொண்டுபோய் விடுவேன். முன்பக்கத்தில் இடம் கேட்கவில்லை. மரண அறிவித்தல்களுக்குக் கீழே கொஞ்சம் மிஞ்சினாலும் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
குருமன்காடு, வவுனியா.