அத்தான் என்ன எலியோ?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் நோயாளிகளைப் பரிசோதனை எலிகளாக்குவதைக் கண்டித்து வந்த கட்டுரையை வாசித்தேன். பத்து வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் கத்தினேன்.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் அத்தானுக்குச் சலரோகம். காற்புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி, பிரஷர் விழுந்து, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். செப்ரிக் ஷொக் என்றார்கள். நடுச்சாமத்தில் அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, ஸ்ரீரொயிட் மருந்து ஒண்டைப் பரிசோதிக்கினமாம். பாதிப் பேருக்கு மருந்து, மிச்சப் பேருக்குச் சும்மா ஒண்டு. ஆருக்கு எது எண்டு டொக்டருக்கும் தெரியாதாம். கையெழுத்து வைக்கவோ?"

"அத்தான் என்ன எலியோ? வையாதேங்கோ" என்றேன்.

கால்விரல் இரண்டு போனதோடு அத்தான் தப்பினார். அதை வைத்து என் புத்திமதி சரியென்று சொல்ல ஏலாது. ஒருவர் பிழைத்ததை வைத்து எந்த மருந்தையும் எடைபோட முடியாது என்பதால்தான் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்கிறார்கள்.

2018இல் அவுஸ்திரேலியா, பிரித்தானியா உட்பட ஐந்து நாடுகளில் செப்ரிக் ஷொக் வந்த 3800 பேரைச் சேர்த்த ஆய்வு வெளிவந்தது. ஐதரோகோட்டிசோன் என்ற ஸ்ரீரொயிட்டைப் பெற்றவர்களில் 90 நாளுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 27.9, பெறாதவர்களில் 28.8. உயிர்க்கணக்கில் வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் மருந்து பெற்றவர்கள் ஷொக்கிலிருந்து முந்தி மீண்டார்கள். அதே ஆண்டு பிரான்சில் 1241 பேரிடம் இன்னொரு ஸ்ரீரொயிட்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், இறப்பு 49.1இலிருந்து 43ஆக இறங்கியிருந்தது.

இதே நோய்க்குக் கொடுத்துப் பார்த்த விற்றமின் சீயின் கதை வேறு. 2017இல் ஒரே ஆஸ்பத்திரியில் 47 பேருக்கு வேறு மருந்துகளோடு சேர்த்து ஏற்றிவிட்டு, அற்புதம் என்றார்கள். வெறும் விற்றமின்தானே, என்ன செய்துவிடும்? 2022இல் 872 பேரிடம் விற்றமின் சீயை மட்டும் முறையாகச் சோதித்தபோது, அதைப் பெற்றவர்களில்தான் இறந்தவர்களும் உறுப்புகள் தேறாதவர்களும் அதிகம். சோதிக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் நல்லதென்று நினைத்து ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

கட்டுரையாளர் கோபப்பட வேண்டிய இடம் சம்மதப் படிவம். மயங்கிக் கிடப்பவருக்காக, நித்திரையில்லாத மனைவியோ மகனோதான் அதை வாசிக்க வேண்டும். இங்கே யாழ்ப்பாணத்தில் அப்படியொரு ஆய்வு நடந்தால், படிவம் நாங்கள் பேசும் தமிழில் இருக்கவேண்டும். ஒருவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அதை வாசித்துக் காட்டவும் வேண்டும்.

கையெழுத்து வைத்தாலும் பிறகு விலகலாமோ என்று அன்றைக்கே அக்கா கேட்டாராம். எப்போதும் விலகலாம் என்று தாதி சொன்னாராம். இதை அக்கா எனக்குச் சொன்னது மூன்று வருடம் கழித்து. அன்று நான் கேட்கவும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.