தமிழில் கேள்வி கேளுங்கள்: தேர்வாணையத்துக்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு மடல்

ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கத்துப் பட்டதாரிகளுக்கு மாலை நேரத்தில் போட்டித் தேர்வுப் பாடம் நடத்துகிறவன் நான். பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். மணலியில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவர்களும் உண்டு.

உங்கள் ஆணையத்தைப் பற்றிய 315 முதல் 323 வரையிலான அரசமைப்புப் பிரிவுகளை நடத்தும்போது வகுப்பு உன்னிப்பாகக் கேட்கும். உங்களை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். பதவிக்காலம் ஆறு ஆண்டு, அல்லது 65 வயது வரை. தவறான நடத்தை என்று சொல்லி ஒருவரை நீக்க வேண்டுமானால் உச்ச நீதிமன்றம் விசாரித்துச் சொல்ல வேண்டும். ஓய்வுக்குப் பின் தலைவர் எந்த அரசு வேலையும் ஏற்கக் கூடாது. உங்கள் செலவு இந்தியத் தொகுப்பு நிதியில் நேரடியாகச் சாட்டப்படுகிறது. அதை நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விட முடியாது. ஆட்சியாளர்களின் முகக்குறிப்பைப் பார்க்காமல் நீங்கள் பேச வேண்டும் என்பதற்காகவே இத்தனை காவல். அந்தக் காவலுக்குள் இருந்துகொண்டு ஒரு காரியத்தில் மட்டும் ஏன் வாய் திறக்க மறுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

குடிமைப் பணிகளுக்கான முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகிறது. அதைத் தாண்டியவர் முதன்மைத் தேர்வை, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் பட்டியலிட்டுள்ள 22 மொழிகளில் எதிலும் எழுதலாம். கூடத்தில் தமிழ் பேசலாம், வாசலில் கூடாது என்கிற வீடாக இருக்கிறது இது. கூடத்திலும் பாதிதான்: விடை தமிழில் இருக்கலாம், கேள்வி தமிழில் வராது. இதற்கு நடுவில் இந்திய மொழித் தாள் என்று 300 மதிப்பெண்ணுக்கு ஒரு தகுதித் தாள் வைத்து, எங்கள் பிள்ளைக்குத் தமிழ் தெரிகிறதா என்றும் சோதிக்கிறீர்கள்!

முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட் என்னும் திறனறித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம், 80 கேள்விகள், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு, 33 விழுக்காடு எடுத்தே ஆக வேண்டும். பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் கேள்விகளை இந்தி வழி மாணவர் தாய்மொழியில் படிக்கிறார். அவருக்கு அந்த வசதி கிடைப்பது நியாயம்தான், எனக்கு அதில் பொறாமை இல்லை. கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு அது ஏன் இல்லை? ஆங்கில அறிவைச் சோதிக்கத்தான் முதன்மைத் தேர்வில் தனித் தாள் இருக்கிறதே.

இத்தனை மொழிகளில் ரகசியமாக மொழிபெயர்க்க முடியாது என்பார்கள். நீட் வினாத்தாள் தமிழில் வருகிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் இந்தி, ஆங்கிலத்தோடு தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் நடக்கிறது. காவலருக்கு முடிந்தது ஆட்சியருக்கு ஏன் முடியாது?

புதிதாக எதையும் நான் கேட்கவில்லை. எட்டாவது அட்டவணை மொழிகளும் ஆங்கிலமும் உயர்பணித் தேர்வுகளுக்கு ஊடகமாக அனுமதிக்கப்படும் என்று நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் 1968 ஜனவரியிலேயே வெளியானது. எப்படி, எப்போது என்பதற்கு உங்கள் ஆணையத்தின் கருத்தைக் கேட்கவும் சொன்னது. தேர்வு முறையை ஆராய்ந்த கோத்தாரி குழுவின் பரிந்துரையால் 1979-இல் முதன்மைத் தேர்வுக்குக் கதவு திறந்தது. 2013-இல் அதையும் இறுக்கப் பார்த்தபோது தமிழ்நாடு உரக்கப் பேசியது, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

தேர்வு விதிகளை அறிவிப்பது பணியாளர் துறை, எங்கள் கையில் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் குடிமைப் பணிகளுக்கான ஆட்சேர்ப்பு முறை குறித்து உங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது பிரிவு 320. ஆண்டுதோறும் நீங்கள் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தர வேண்டும். உங்கள் ஆலோசனையை அரசு ஏற்கவில்லை என்றால், ஏன் ஏற்கவில்லை என்ற விளக்கக் குறிப்போடு அந்த அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது பிரிவு 323. இதைவிட வலுவான பேனா நாட்டில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

1926 அக்டோபர் 1 அன்று தொடங்கிய ஆணையம் நூறாண்டைத் தொடுகிறது. விழா மலரெல்லாம் இருக்கட்டும். முதல்நிலைத் தேர்வின் வினாத்தாளை எட்டாவது அட்டவணை மொழிகளில் தர வேண்டும் என்று அரசுக்கு எழுத்தில் ஆலோசனை கொடுங்கள். ஒரேயடியாக 22 மொழி கடினம் என்றால், காவலர் தேர்வுக்கு ஏற்கெனவே மொழிபெயர்க்கும் 13 மொழிகளில், சிசாட் தாளிலிருந்து தொடங்கலாம். அரசு மறுத்தால், அந்தக் காரணத்தை அறிக்கையில் நாங்களும் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஓர் ஆசிரியர்