கோப்பையோடு நிற்கிற அந்த ஆள்

அன்புள்ள அம்மு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் மொட்டைமாடியில் வடகம் காயவைக்கப் படியேறுவதை மட்டும் நிறுத்த மாட்டேன் என்கிறாள், நீ ஒரு வார்த்தை சொல்லு. போனில் தட்டினால் என் தடித்த விரல் நாலு எழுத்தைச் சேர்த்து அமுக்குகிறது, அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அம்மாவிடம் கேள், அவளுக்குப் பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்மேல் வள்ளென்று விழுந்துவிட்டேன். நீ ஆசையாகத்தான் சொன்னாய். சோழவரம் ரேஸ் காலத்து மெக்கானிக்குகளுக்கு இங்கே சில பேர் சேர்ந்து மரியாதை செய்யப்போகிறார்கள், பெயர் அனுப்பச் சொல்லிப் படிவம் வந்திருக்கிறது, "உங்க பேரைத்தான் எழுதப் போறேன்பா" என்றாய். நான் "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், வேலையைப் பாரு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். தன்னடக்கம் என்று நினைத்திருப்பாய். அது இல்லை. சொல்கிறேன், ஆனால் சுற்றித்தான் வரவேண்டும்.

உங்கள் சார்லட் ஊரில் இருக்கிற அந்த நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதான் அமெரிக்கக் கார் ரேஸில் பேர் வாங்கினவர்கள் பெயரைப் பதித்து வைக்கிற இடம், போய் நாற்பது படம் அனுப்பினாயே, எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் கறுப்பின ரேஸ் ஓட்டுநர் வெண்டல் ஸ்காட் பெயர் பக்கத்தில் நீ நின்ற படம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவரைப் பற்றி எனக்கு முன்னாடியே தெரியும். 2010இல் நம்ம நரேன் கார்த்திகேயன் அந்தப் பக்கம் ட்ரக் ரேஸ் ஓட்டப் போனபோது, முதல் ரேஸ் மார்டின்ஸ்வில்லில். அந்த ஊர் எங்கே என்று தேடப்போய், பக்கத்திலேயே டான்வில், அது ஸ்காட்டின் ஊர் என்று தெரிந்தது. ஏறக்குறைய நமக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இருக்கிற தூரம்தான்.

ஸ்காட் என்னைப் போல மெக்கானிக், அதனால் ஒரு பாசம். 1921இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் ராணுவ வண்டிகளைப் பார்த்தவர், ஊரில் டாக்ஸி ஓட்டியவர், கள்ளச்சாராயம் கடத்தி போலீசுக்குத் தண்ணி காட்டியவர். கறுப்பர் ஒருத்தரை ஓட்டவிட்டால் கூட்டம் சேரும் என்று ரேஸ் நடத்துகிறவர்கள் ஆள் தேடியபோது, போலீசே இவரைக் கைகாட்டியதாம். பெரிய கம்பெனி பணம் கிடையாது. அடுத்தவன் ஓட்டிக் கழித்த கார், பழைய பார்ட்ஸ், கூடமாட வேலைக்குப் பெற்ற பிள்ளைகள். கிட்டத்தட்ட புதுப்பேட்டை பிழைப்பு. அப்படியே மொத்தம் 495 ரேஸ் ஓட்டினார், 1973இல் டல்லடேகா டிராக்கில் பெரிய விபத்தில் சிக்கியதோடு ஓட்டம் ஏறக்குறைய முடிந்தது.

ஜெயித்தது ஒன்றே ஒன்று. 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில், அரை மைல் மண் பாதை, 200 சுற்று. பெரிய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியையே தாண்டி முன்னால் வந்துவிட்டார். சுற்று முடிந்தும் கொடி விழவில்லை. கொடியும் கோப்பையும் மேடையும் எல்லாம் பக் பேக்கர் என்ற இன்னொரு ஓட்டுநருக்கு. ஸ்காட் விடாமல் கேட்டபிறகு, கூட்டமெல்லாம் கலைந்து போன பிறகு, ஆமாம் நீதான் ஜெயித்தாய், அதுவும் இரண்டு சுற்று வித்தியாசத்தில், எண்ணியதில் தவறு என்றார்கள். கோப்பை பேக்கரோடு போய்விட்டது. பரிசு கொடுக்க நிற்கிற வெள்ளைக்காரப் பெண்ணை ஒரு கறுப்பர் முத்தமிடும் காட்சி வேண்டாம் என்றுதான் இப்படிச் செய்தார்கள் என்று பல பேர் சொல்கிறார்கள்.

எண்ணியதில் தவறு என்பதை நான் நம்பவில்லை அம்மு. நீ சின்னப்பெண்ணாக இருந்தபோது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் லேப், அதாவது சுற்றுக் கணக்கு, எழுதுகிற மேஜையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், ஞாபகம் இருக்கா, ஒரு தடவை நீயும் வந்து வெயிலில் அழுதாய். நாங்கள் தாளில்தான் எழுதுவோம். வண்டி கோட்டைத் தாண்டும்போது நம்பரைக் குறிக்கணும், அவ்வளவுதான் வேலை. நாலு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் ஒன்று விட்டுப்போகும், விட்டுப்போனால் பக்கத்து ஆள் தாளைப் பார்த்துச் சரி செய்வோம். ஒரு சுற்று தவறும். முன்னால் போகிற வண்டிக்கு மட்டும், எல்லார் தாளிலும், இரண்டு சுற்று தவறுமா? பேனா அப்படித் தவறாது.

அவர் 1990இல் 69 வயதில் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் ஏறியது 2015இல். அந்தக் கோப்பைக்கு ஈடாக ஒன்றை நாஸ்கார் அவர் குடும்பத்தின் கையில் கொடுத்தது 2021 ஆகஸ்டில். கணக்குப் போட்டுப் பார், ஐம்பத்தேழு வருஷம். இதில் எனக்கு உறைத்தது வேறு விஷயம். பக் பேக்கரும் நல்ல ஓட்டுநர்தான், குறை சொல்ல வரவில்லை, அவரும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார். ஸ்காட்டுக்கு இரண்டு வருஷம் முன்னாடியே, 2013இல் ஏறிவிட்டார்.

அங்கே யார் பெயரை ஏற்றுவது என்று ஓட்டுப் போடுவதில் இப்போது பழைய முன்னோடிகளுக்கென்று தனி ஓட்டுச்சீட்டு வைத்திருக்கிறார்கள், 2021ஆம் வருஷத்துப் பட்டியலிலிருந்து. நல்லதுதான். 2024இல் ஜேனட் கத்ரிக்கும் ஒரு விருது கொடுத்தார்கள். அந்த அம்மா விண்வெளித் துறை இன்ஜினியர். 1976இல் உன் ஊர் சார்லட் டிராக்கில்தான் ஓட்டி 15ஆவதாக வந்தது, அடுத்த வருஷம் இண்டி 500 என்கிற பெரிய ரேஸுக்குத் தகுதி பெற்ற முதல் பெண், அதற்கடுத்த வருஷம் அதே ரேஸில் மணிக்கட்டு எலும்பு முறிந்த கையோடு ஓட்டி ஒன்பதாவது. உடைந்த மணிக்கட்டோடு ஸ்டியரிங் பிடிப்பது என்றால் என்னவென்று ஒரு நாள் பவர் ஸ்டியரிங் இல்லாத அம்பாசிடரை ஓட்டிப் பார்த்தால் தெரியும். லூயிஸ் ஸ்மித் என்று இன்னொரு அம்மா இருந்தது, 1947இல் டேடோனாவுக்கு ரேஸ் பார்க்கப் போய், புருஷனுடைய புது ஃபோர்டை எடுத்து ஓட்டி நொறுக்கிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து வண்டி வழியில் ரிப்பேர் என்று சொல்லுச்சாம். பேப்பரில் படம் வந்து மாட்டிக்கொண்டது. (இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உங்க சேட்டக்கை நான் எடுத்திருக்கணும்" என்கிறாள்.)

நம்ம பக்கமும் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூர் கரிவர்தன் என்று ஒரு மனுஷன், ஓட்டுவதோடு நிற்காமல் மாருதி இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டி, வெளிநாட்டுக் கார் வாங்க வசதி இல்லாத பிள்ளைகளும் ஓட்டலாம் என்று ஆக்கினவர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், 2024இல், தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ரேஸ் விட்டார்களே, அதைப் பார்க்க வந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று நினைக்கிறாய்? சோழவரம் என்றால் அவர்களுக்கு ஏரிதான். யுத்த காலத்தில் போட்ட ரன்வேயில் பிப்ரவரி வெயிலில் ஜனம் ஆயிரக்கணக்கில் வந்து நின்றதும், விளக்கெண்ணெய் எரிகிற அந்த வாசனையும் (அப்போ ரேஸ் வண்டிக்கு ஆமணக்கு ஆயில்தான்) எந்தப் படத்தில் வரும்.

சரி, இப்போ விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோமே, சோழவரம் ரேஸ் சுவனீரிலிருந்து (விழா மலர்) வெட்டிய பக்கம். 1984. யெஸ்டி பைக் பக்கத்தில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பையன், தலை நிறைய முடி. கீழே 'மெக்கானிக்' என்று போட்டு என் பெயர். நீ நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாய்.

அந்த இன்ஜினை நான் செய்யவில்லை அம்மு.

எனக்கு இருபத்தொன்று. ஜி.பி. ரோட்டுக்குப் பின்னால் சந்தில் மேஸ்திரி கடை, நான் அங்கே வேலை கற்றுக்கொண்டிருந்தேன். மூன்று ராத்திரி அந்த சிலிண்டரை அவர் மடியில் வைத்துக்கொண்டு எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதான் புகை வெளியே போகிற ஓட்டையை, அரம் போட்டார். சிகரெட் பெட்டிக்குள் வருமே மெல்லிசுத் தாள், அதை சிலிண்டருக்குள் ஒட்டவைத்து, விரலில் கரியைத் தொட்டுத் தேய்த்து, ஓட்டையின் உருவத்தை எடுத்துக்கொள்வார். அப்புறம் அரை வட்ட அரத்தால் நாலு இழுப்பு, ஊதுவார், மறுபடி தாள், மறுபடி தேய்ப்பு. மொத்தமாக எடுத்தது அரை நூல்கூட இருக்காது. ஒரு இழுப்பு கூடினால் சிலிண்டர் வீண், வேறு வாங்கக் காசு கிடையாது. நான் என்ன செய்தேன் என்றால் ஹேண்ட் லாம்ப் பிடித்தேன். அதையும் ஒரு தடவை தூங்கிக் கீழே போட்டேன்.

பிராக்டிஸ் நாளில் வண்டி ரன்வே முனைவரைக்கும் முழு வேகத்தில் போய், அங்கேயே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருண்டு வரும். மேஸ்திரி கந்தலைச் சுற்றி சூட்டோடு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்ப்பார். பீங்கான் வெளுத்திருந்தால் "பால் ஜாஸ்தி" என்பார், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டைப் பெரிதாகப் போடணும். கறுத்திருந்தால் "டிகாக்‌ஷன் ஜாஸ்தி", ஜெட்டைக் குறைக்கணும். நல்ல டீ நிறம் வரும்வரைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார், ஆறு தடவையோ ஏழு தடவையோ. அந்த வண்டி ஜெயித்தது அந்தப் பிளக்கின் நிறத்தில்தான்.

ஜெயித்த பிறகு பரிசு கொடுக்கிற கயிற்றுக்கு உள்ளே போக மெக்கானிக்குக்கு ஒரே ஒரு பாஸ். மேஸ்திரி கைலி கட்டியிருந்தார், பனியன் முழுக்க ஆயில். "உன் சட்டைதான் சுத்தமா இருக்கு, நீ போடா" என்று பாஸை என் பாக்கெட்டில் செருகினார். போனேன். கோப்பையை ஒருத்தர் என் கையில் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள், ஒருத்தர் பேர் என்ன என்று கேட்டார். மெக்கானிக் யார் என்று கேட்கவில்லை, உன் பேர் என்ன என்றுதான் கேட்டார். சொன்னேன். அதுவரைக்கும் என்மேல் தப்பு இல்லை.

அடுத்த வருஷம் சுவனீரில் பக்கம் வந்தது. நான் சொல்லியிருக்கலாம், இது தப்பு, மேஸ்திரி பேர் போடணும் என்று. சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஒரு பெரிய கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீடு, உன் இன்ஜினியரிங் ஃபீஸ், நீ ஃப்ளைட் ஏறினது எல்லாம். மேஸ்திரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால்தான் ஸ்காட்டைப் பார்த்தால் நான் ஸ்காட்டாகத் தெரியவில்லை, கோப்பையோடு வீட்டுக்குப் போனவனாகத் தெரிகிறேன். நீ ஆசையாக என் பெயரைச் சொன்னதும் கத்தியது அதற்குத்தான்.

மேஸ்திரி இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, வியாசர்பாடியில் மகள் வீட்டில். நான் போய் ஆறு வருஷம் ஆகிறது, கொரோனா என்று ஒரு சாக்கு, அப்புறம் வெறும் சாக்கு. நீ அந்தப் படிவத்தில் மற்றதெல்லாம் நிரப்பு, பெயர் எழுதுகிற இடத்தை மட்டும் காலியாக விடு. அவரைக் கேட்காமல் எழுதக்கூடாது, ஒருவேளை வேண்டாம் என்பார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றிவிட்டேன், அம்மா ஏன் என்று கேட்டாள், அவளிடமும் நேற்றுதான் சொன்னேன். கூடவே அந்த சிகரெட் தாளில் ஒன்று என் டூல்பாக்ஸ் அடியில் இத்தனை வருஷமாகக் கிடக்கிறது, கரி மங்கிவிட்டது, ஆனாலும் போர்ட்டின் வளைவு தெரிகிறது. அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன். பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்.

அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டதாம், அத்தனை வருஷம் சைலன்சர் இல்லாத வண்டி பக்கத்தில் நின்றவர். நான் சொல்லவேண்டியதைக் கத்தித்தான் சொல்லணும், தெருவே எட்டிப்பார்க்கும். பார்க்கட்டும். திங்கட்கிழமை உனக்குப் போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
அப்பா