கோட்பேஸ் வேண்டாம், பொது ஜார் போதும்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் செடியில் காய் நன்றாகப் பிடித்திருப்பதாக எழுதியிருந்தாய், மனசுக்கு நிறைவாக இருந்தது. இங்கே மாம்பழ வரத்து ஓய்ந்துவிட்டது, வெயில் மட்டும் ஓயவில்லை. வீட்டில் எல்லாரும் நலம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டிலும் நாகலூரிலும் இருக்கும் எடைக் கொட்டகைக் கணினிகள், செவ்வாய்ப்பேட்டை அலுவலகச் சர்வரோடு ஆர்எம்ஐ (ஒரு கணினியின் ஜாவா நிரல் இன்னொரு கணினியின் ஜாவா நிரலை அழைக்கும் முறை) வழியாகப் பேச வேண்டும். தேவைப்படும் ஜாவா வகுப்புகளை (கிளாஸ்) ஓடும்போதே கோட்பேஸிலிருந்து, அதாவது அவற்றை வைத்திருக்கும் வலை முகவரியிலிருந்து, இறக்கிக்கொள்ளலாமா என்கிறாய். வேண்டாம். அதற்கு ஒரு வெப் சர்வர் எந்நேரமும் எழுந்து நிற்க வேண்டும், எந்த நிரலுக்கு என்ன அனுமதி என்று பார்க்கும் செக்யூரிட்டி மேனேஜரும் அந்த அனுமதிகளை எழுதிவைக்கும் பாலிசி கோப்பும் வேண்டும். மலைக்கு ஏறும் இணைப்பு நடுவில் அறுந்தால், எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே வகுப்பு கிடைக்காமல் நிரல் நிற்கும். அதைவிடப் பெரிது, எதிர்முனை காட்டும் முகவரியிலிருந்து வரும் நிரலை நம் ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) ஓட்டுவது. இந்த ஆபத்தால்தான் 2013இல் ஜாவா 7 அப்டேட் 21 முதல் 'யூஸ்கோட்பேஸ்ஒன்லி' என்ற அமைப்பு இயல்பாகவே 'ட்ரூ' ஆனது; அதாவது எதிர்முனை காட்டும் முகவரியை ஜாவா நம்பாது. ஜாவா 17இல் செக்யூரிட்டி மேனேஜரை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) 24இல் அதை இயக்கவே வழியில்லை. அது இல்லாமல் ஆர்எம்ஐ வெளியிலிருந்து வகுப்பை ஏற்றாது. பழைய பாடக்குறிப்பைப் பார்த்து யூஸ்கோட்பேஸ்ஒன்லியை 'ஃபால்ஸ்' ஆக்கிவிடாதே.

ஜாரை, அதாவது வகுப்புகளைக் கட்டிவைத்த கோப்பை, மூன்றாகப் பிரி: சர்வர், கிளையன்ட் (கொட்டகைக் கணினியில் ஓடுவது), பொது. ரிமோட் இன்டர்ஃபேஸ்கள் (தூரத்திலிருந்து அழைக்கக்கூடிய மெத்தட்களின் பட்டியல்), கம்பியில் போகும் தரவு வகுப்புகள், நம் சொந்த எக்ஸெப்ஷன்கள் (பிழை வகுப்புகள்), ஈனம்கள் (இன்னின்ன மதிப்புகள்தான் என்று வரையறுத்த வகைகள்) பொதுவில் இருக்கட்டும். அதே ஜார் இரு முனையிலும் கிளாஸ்பாத்தில் (ஜாவா வகுப்புகளைத் தேடும் இடம்) இருந்தால் இறக்க எதுவும் மிஞ்சாது. ஸ்டப் (சர்வர் ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலாகக் கிளையன்ட்டில் நிற்கும் பிரதிநிதி) பற்றிக் கவலை வேண்டாம். ஜாவா 5 முதல் அது ஓடும்போது உருவாகும் டைனமிக் ப்ராக்ஸி. அதை முன்கூட்டியே உண்டாக்கித் தந்த 'ஆர்எம்ஐசி' கருவியே ஜேடிகே 15இல் எடுக்கப்பட்டுவிட்டது.

ரிஜிஸ்ட்ரியை (சேவைகளைப் பெயர் சொல்லித் தேடும் பதிவேடு) தனியாக ஓட்டினால் அதுவும் ஒரு தனி ஜேவிஎம். பொது ஜார் அதன் கிளாஸ்பாத்தில் இல்லாவிட்டால், சர்வர் 'பைண்ட்' செய்யும்போதே, அதாவது சேவையைப் பதியும்போதே, வந்த தரவைப் பிரிக்க முடியவில்லை என்ற அன்மார்ஷல் எக்ஸெப்ஷனும் அதன் உள்ளே வகுப்பு கிடைக்கவில்லை என்ற கிளாஸ்நாட்ஃபவுண்டும் வரும். பலரும் கோட்பேஸ் பக்கம் போனது இந்த ஒரு பிழையால்தான். சர்வர் நிரலிலேயே லொகேட்ரிஜிஸ்ட்ரியின் 'கிரியேட்ரிஜிஸ்ட்ரி'யை 1099 என்ற போர்ட் எண் கொடுத்து அழைத்துவிடு, பிரச்சினை அங்கேயே தீரும். சேவை ஆப்ஜெக்ட்டை ஸ்டாட்டிக் மாறியில் பிடித்து வைக்க மறக்காதே; விட்டால் பயன்படாத நினைவகத்தைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் அதை அள்ளிக்கொண்டு போகலாம், பிறகு அழைக்கிற கிளையன்ட்டுக்கு நோசச்ஆப்ஜெக்ட் எக்ஸெப்ஷன்தான். ஆப்ஜெக்ட்டை எக்ஸ்போர்ட் செய்யும் (வெளியிலிருந்து அழைக்கத் திறந்துவிடும்) போர்ட்டை, ஏதோ ஓர் எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும்படி 0 என்று விடாமல், ஓர் எண்ணைக் கொடு, ஃபயர்வாலில் அதையும் 1099ஐயும் திறந்தால் போதும்.

உண்மையான தொல்லை இதற்கு அப்புறம்தான். இன்டர்ஃபேஸில் எழுதிய வகை ஒன்று, கம்பியில் போவது வேறொன்று. மெத்தட் 'லிஸ்ட்' என்று சொல்லும். சர்வரிலிருந்து கிளம்புவது, டேட்டாபேஸோடு பேசும் ஹைபர்னேட் நூலகத்தின் சொந்த லிஸ்ட் வகுப்பான பெர்சிஸ்டன்ட்பேக். கொட்டகைக் கணினியில் ஹைபர்னேட் ஏது? திருப்பித் தரும் முன் புதிய அர்ரேலிஸ்ட்டில் கொட்டு; உள்ளே இருக்கும் ஒவ்வொரு பதிவையும் பொது ஜாரின் தரவு வகுப்பாக மாற்று. இரட்டை அடைப்பு போட்டு லிஸ்ட்டை நிரப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடு. அது பெயரில்லாத துணை வகுப்பை உண்டாக்கும். ட்ரீமேப்பை அனுப்பினால் அதை வரிசைப்படுத்தும் கம்பேரேட்டரும் கூடவே போகும். தரவு வகுப்புகளை 'ஃபைனல்' என்று எழுதிவிட்டால் அவற்றுக்குத் துணை வகுப்பு நுழைய இடமே இருக்காது.

எக்ஸெப்ஷனில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டிரைவர் எறிகிற பிழை கிளையன்ட்டுக்குப் போனால், அங்கே டிரைவர் ஜார் இல்லாததால் டேட்டாபேஸ் பிழை மறைந்து கிளாஸ்நாட்ஃபவுண்ட் மட்டும் திரையில் வரும். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கவே முடியாது. சர்வரில் பிடித்து, முழுசாக லாகில் எழுதி, செய்தியும் குறியீடும் மட்டும் கொண்ட நம் எக்ஸெப்ஷனை எறி. மூலப் பிழையை 'காஸ்' (காரணம்) ஆகக் கோர்க்காதே, அதுவும் சேர்ந்தே சீரியலைஸ் ஆகும், அதாவது பைட்டுகளாகி இணைப்பில் போகும். ஸ்டாக் டிரேஸ் (பிழை எந்த வரியில் நடந்தது என்ற பட்டியல்) போகலாம். அதில் இருப்பது வெறும் எழுத்துச்சரமும் வரி எண்ணும்தான்.

தரவு வகுப்பு ஒவ்வொன்றிலும் சீரியல்வெர்ஷன்யூஐடியை (வகுப்பின் பதிப்பை அடையாளம் காட்டும் எண்) கையால் எழுது. பிறகு மூட்டைப் பதிவில் ஈரப்பத சதவீதம் என்று ஒரு ஃபீல்டு கூடினாலும் பழைய கிளையன்ட் அதைக் கண்டுகொள்ளாமல் வேலை செய்யும். இருக்கிற ஃபீல்டின் வகையை மாற்றினால் உடையும். ஈனமில் புது மதிப்பு சேர்த்துச் சர்வரை மட்டும் புதுப்பித்தாலும், அந்த மதிப்பு போகிற அன்று பழைய கிளையன்ட் நின்றுவிடும். அதனால் கொட்டகைகளுக்குப் புது ஜார் போன பிறகே சர்வரில் அந்த மதிப்பைப் பயன்படுத்து.

ஜாவா 9 முதல் 'எக்ஸ்போர்ட்ஆப்ஜெக்ட்' மூன்றாவதாக ஒரு ஃபில்டரை (எந்த வகுப்புகள் உள்ளே வரலாம் என்ற பட்டியல்) வாங்கிக்கொள்ளும். பொது ஜாரின் பேக்கேஜ், ஜாவா.லாங், ஜாவா.யூடில், ஜாவா.மேத், ஜாவா.டைம் ஆகியவற்றை அனுமதித்துக் கடைசியில் மற்ற எதுவும் வேண்டாம் என்று '!*' போடு. பட்டியலில் இல்லாதது சர்வருக்குள் நுழையாது. எடைக்குத் துல்லியமான தசம எண் வகையான பிக்டெசிமல் வைத்தால் ஜாவா.மேத் இல்லாமல் நடக்காது. இதையே மொத்த ஜேவிஎம்முக்கும் போட்டுவிடாதே, ஆர்எம்ஐயின் சொந்த வகுப்புகளும் அடிபடும்.

சோதிக்கும்போது உன் ஐடிஇயில் (நிரல் எழுதும் மென்பொருள்) ஓட்டாதே. அங்கே எல்லா வகுப்பும் ஒரே கிளாஸ்பாத்தில் இருப்பதால் எந்தக் குறையும் தெரியாது. கிளையன்ட் ஜாரும் பொது ஜாரும் மட்டும் உள்ள காலி ஃபோல்டரில், கட்டளை வரியில் ஓட்டிப் பார். ஒவ்வொரு மெத்தடையும் ஒருமுறை சரியாகவும் ஒருமுறை வேண்டுமென்றே தவறான தரவு கொடுத்தும் அழை. பிழை வந்தால் மேல் வரியை விட்டுவிட்டு கடைசி 'காஸ்ட் பை' வரியில் எந்த வகுப்பின் பெயர் இருக்கிறது என்று பார். அந்த வரியை அப்படியே எனக்கு அனுப்பு.

பறிப்பு தொடங்கும் முன் இரண்டு கொட்டகையிலும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஜார் பிரித்ததும் எழுது, நானே மேலே வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்